மூட்டை குட்டியானையில், நாம் நடையில்... கரிசல் காட்டில் இரண்டு நாள் பயணம்!

இத்தாலியின் டஸ்கனி மலைநாட்டில் நடைச் சுற்றுலா ரொம்பப் பிரபலம். பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட சின்னக் குழு, கூடவே ஊர் தெரிந்த ஒரு வழிகாட்டி. காலையில் பெட்டியை விடுதி வாசலில் வைத்துவிட்டால் வேன் அதை அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்விடும். நீங்கள் தண்ணீர் பாட்டிலோடு கையை வீசிக்கொண்டு நடந்தால் போதும். மதியம் ஒரு பண்ணை வீட்டில் சாப்பாடு, ராத்திரி இன்னொரு ஊரில் தூக்கம். இப்படி ஒரு வாரம் நடக்க, நம்மூர்ப் பணத்தில் லட்சங்களில் கேட்கிறார்கள்.

இதை கோவில்பட்டிக்காரர் ஒருவரிடம் சொன்னபோது அவர் கொஞ்சம்கூட ஆச்சர்யப்படவில்லை. "இதைத்தானே தங்கச்சி நாங்க வருஷா வருஷம் செய்யுறோம்! குருசாமி முன்னாடி போவாரு. மூட்டை, பாத்திரமெல்லாம் குட்டியானையில போயிரும். திருச்செந்தூர்ல முருகனைப் பாத்துட்டு பஸ்ஸைப் பிடிச்சு வந்துருவோம்" என்றார்.

அவர் சொன்னது வேடிக்கைப் பேச்சு இல்லை. இத்தாலிக்காரர்கள் இன்று சுற்றுலாப் பயணிகளை நடத்திக் கூட்டிப்போகும் 'வியா ஃப்ரான்சிஜெனா' பாதையும் அடிப்படையில் பாதயாத்திரைப் பாதைதான். இங்கிலாந்தின் கேன்டர்பரியிலிருந்து ரோமாபுரிக்குப் போவது. 990-ம் ஆண்டு வாக்கில் சிகெரிக் என்ற பேராயர் ரோமிலிருந்து ஊர் திரும்பும்போது தங்கிய இடங்களை வரிசையாகக் குறித்துவைத்தார். அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு பாதையை மீட்டெடுத்துவிட்டார்கள். கரிசல் காட்டுக்கும் அப்படி ஒரு நடை வரலாறு உண்டு. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்து, ஊற்றுமலை ஜமீன்தார் கழுகுமலைக்குக் காவடி எடுத்து நடந்தபோது வழிநடையாகப் பாடப்பட்டது என்று சொல்வார்கள். நடக்கிற கால்களுக்காகக் கட்டிய மெட்டு என்பதைக் கேட்டாலே புரிந்துகொள்ளலாம்.

காவடி எடுக்காமல், விரதம் இல்லாமல், சும்மா ஊர் பார்ப்பதற்காக இங்கே நடக்க முடியுமா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் தை பிறந்த கையோடு ஆறு பேர் கிளம்பினோம். மூன்று பெண்கள், மூன்று ஆண்கள். வழிகாட்டி, ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர். முதல் நாள் கோவில்பட்டியிலிருந்து இடைசெவல், மறுநாள் அங்கிருந்து மேற்கே கழுகுமலை.

கால் வைத்தால் விடாத மண்

கோவில்பட்டியிலிருந்து தெற்கே இடைசெவல் ஏறக்குறைய 10 கி.மீ. நான்குவழிச் சாலையில் நடந்தால் இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால், அதில் நடப்பது நடையே இல்லை. லாரி ஒன்று கடந்துபோனால் அந்தக் காற்றிலேயே ஆள் தள்ளாடுகிறது. பாதயாத்திரை போகிறவர்கள் முதுகில் ஒளிரும் ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு ராத்திரி நேரத்தில் இப்படிப்பட்ட சாலைகளில்தான் போகிறார்கள். அவர்கள் மீது வாகனம் மோதிய செய்தி எங்கள் டெஸ்க்குக்கு வராத வருஷம் இல்லை.

எனவே, ஆசிரியர் எங்களைக் காட்டு வழியில் கூட்டிப்போனார். ரெண்டு நாளுக்கு முன்னால் எதிர்பாராத ஒரு மழை. கரிசல் மண்ணின் குணம் முதல் அரை மணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது. ஷூவின் அடியில் ஒட்டிய மண் மேல் இன்னும் மண் ஒட்டி, ஒவ்வொரு காலும் அம்மிக்கல் மாதிரி கனத்தது. "செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கோங்க. இந்த மண்ணுகூட மல்லுக்கட்ட முடியாது" என்றார். வெறுங்காலில் நடந்தால் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. முள் மட்டும் பார்த்து நடக்கணும்.

இதே மண் கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கால் நுழைகிற அளவுக்குக்கூட வெடிப்பு விழும். தண்ணீர் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும் களி இதில் அதிகம். அதனால்தான் மழை நின்று பல நாள் ஆன பிறகும் அடியில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பயிரைக் காப்பாற்றுகிறது. சியன்னா நகரத்துக்குத் தெற்கே 'கிரேத்தே செனேசி' என்ற களிமண் மேடுகள் இருக்கின்றன. சாம்பல் நிறம், மழையில் ஒட்டும், வெயிலில் வெடிக்கும். டஸ்கனி என்று காலண்டரில் அச்சடிக்கிற படங்களில் பாதி அந்த இடம்தான். நம் கரிசலை யாரும் காலண்டரில் போடுவதில்லை.

போட்டால் நன்றாகவே இருக்கும். புரட்டாசி, ஐப்பசியில் மழையை நம்பி விதைத்ததெல்லாம் தை மாதத்தில் பலனுக்கு வந்து நிற்கிறது. உளுந்து, பாசி, மக்காச்சோளம், இடையிடையே கொத்தமல்லியின் வெள்ளைப் பூ. மக்காச்சோளக் காட்டைச் சுற்றிப் பழைய சேலைகளை வரிசையாகக் கட்டியிருந்தார்கள். சிவப்பு, ஊதா, ஜரிகை போட்டது என்று காற்றில் படபடத்தன. அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள், காட்டுப்பன்றியை விரட்டத்தான். ஒரே ராத்திரியில் ஒரு காட்டையே உழப்பிவிட்டுப் போய்விடுமாம்.

இடைசெவல் சின்ன ஊர். கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும் இங்கே பிறந்தவர்கள், சேக்காளிகள். இருவருமே சாகித்ய அகாடமி விருது பெற்றவர்கள். அழகிரிசாமிக்கு 1970-ல் 'அன்பளிப்பு' தொகுப்புக்காக, கி.ரா-வுக்கு 1991-ல் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்காக. ஒரே தெருக்காற்றைச் சுவாசித்த ரெண்டு பேர் இப்படி எழுதியது எப்படி என்று ஊருக்குள் நடந்தால் பிடிபடும் என எதிர்பார்த்துப் போனேன். அப்படியெல்லாம் எதுவும் பிடிபடவில்லை. ஆனால், டீக்கடையில் மழையைப் பற்றி ஒருவர் பேசுவதைக் கால் மணி நேரம் கேட்டோம். யாரும் எழுந்திருக்க மனசே வரவில்லை. கி.ரா-வுக்கு அரசு கட்டிய நினைவரங்கம் கோவில்பட்டியிலேயே இருக்கிறது. கிளம்புவதற்கு முன் அதைப் பார்த்துவிட்டு நடப்பது நல்லது.

"சோத்துக்குத் துட்டா?"

மறுநாள் நீண்ட நடை. வில்லிசேரிப் பக்கம் எலுமிச்சைத் தோட்டங்கள் வருகின்றன. அதைத் தாண்டினால் பனை, உடைமரம், வேலிக்கருவேல், காய்ந்த ஓடை. தூரத்தில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. பையில் கோவில்பட்டி கடலை மிட்டாய் இருந்ததால் பசி தெரியவில்லை. 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய், நடைக்கு இதைவிடத் தோதான தீனி கிடையாது.

மதியச் சாப்பாட்டுக்கு ஆசிரியர் ஒரு பாட்டி வீட்டில் சொல்லிவைத்திருந்தார். குதிரைவாலிச் சோறு, கானத்துவையல், மோர், சீனியவரைக்காய் வத்தல். வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து எல்லோரும் ரெண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டோம். கிளம்பும்போது ஆளுக்கு 150 ரூபாய் கணக்குப் போட்டு நீட்டினேன். பாட்டியின் முகமே மாறிவிட்டது.

"என்ன தாயி இது? சோத்துக்குத் துட்டா? நான் என்ன கிளப்புக்கடையா வச்சிருக்கேன்?"

எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. பாட்டிக்கு ரெண்டு மகன்கள், ரெண்டு பேரும் திருப்பூரில். நாலு ஏக்கர் காட்டை அவர் ஒற்றை ஆளாகப் பார்க்கிறார். இந்த வருஷம் பன்றி தின்றது போக மிஞ்சியதுதான் மக்காச்சோளம். பணம் தேவைப்படாத வீடு இல்லை அது. ஆனாலும் வாங்கமாட்டார்.

இத்தாலியில் 1985-ல் இதற்கென்றே தனிச் சட்டம் போட்டார்கள். விவசாயி தன் வீட்டில் விருந்தினரைத் தங்கவைத்து, தன் நிலத்து விளைச்சலில் சமைத்துப் போட்டுச் சம்பாதிக்கலாம். ஆனால் விவசாயம்தான் முதன்மைத் தொழிலாக இருக்க வேண்டும். மலைக்காடுகளை விட்டு ஜனங்கள் ஊர் ஊராகக் காலிசெய்துகொண்டிருந்த காலத்துக்குப் பிறகு வந்த ஏற்பாடு. அங்கே பல பண்ணைகள் இன்றும் தாக்குப்பிடிக்க அந்த வருமானமும் ஒரு காரணம். இங்கே சட்டத்துக்கு முன்னால் பாட்டியின் கௌரவத்துக்கு ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டும்.

கண்டுபிடித்தது ஆசிரியர்தான். "ஆத்தா, இவங்க பட்டணத்துப் புள்ளைங்க. நாட்டு உளுந்து கேக்காங்க. இருக்கா?" என்றார். பாட்டி உடனே படியை எடுத்துவந்துவிட்டார். ஆளுக்கு ரெண்டு கிலோ வாங்கினோம். விலையில் ஒரு ரூபாய் குறைக்கவும் இல்லை, நாங்கள் கேட்கவும் இல்லை. மூட்டையை மாலையில் குட்டியானை வந்து ஏற்றிக்கொண்டது. கரிசலில் நடைச் சுற்றுலா என்று ஒன்று வந்தால் அது இந்தப் படியை வைத்துத்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

அதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது, அதை நாசூக்காகச் சொல்லத் தெரியவில்லை. காலை 6 மணியிலிருந்து மதியம் வரை எங்கள் மூன்று பேருக்கும் கழிப்பறை கிடையாது. அதனால் தண்ணீரைத் தொண்டை நனைக்கிற அளவுக்குத்தான் குடித்தோம். உளுந்துக் காட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அக்காவிடம் சொன்னபோது, "நாங்க தினமும் அப்படித்தான தாயி" என்று சிரித்தார். அவருக்குச் சுற்றுலா இல்லை, அது அவருடைய எல்லா நாளும்.

பாதையும் குறைந்துகொண்டே வருகிறது. மாட்டுவண்டி போன வண்டிப்பாதைகள் வண்டி போகாததால் கருவேலுக்குள் காணாமல் போகின்றன. சில இடங்களில் புதிதாகக் கம்பிவேலி. ஆசிரியர் சின்ன வயதில் நடந்த ஒரு குறுக்குவழியில் வேலி மறித்ததால், நாங்கள் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

கழுகுமலை தூரத்திலிருந்தே தெரிய ஆரம்பித்துவிடும். தரைக்காட்டில் திடீரென்று எழுந்து நிற்கும் மொட்டைப்பாறை. அங்கே 8-ம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோவில், பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கியது. விமானம் முடிந்திருக்கிறது, அடிப்பகுதி முடியவில்லை. தெற்குப் பக்கம் தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிக்கிறார். அவரை மட்டுமே அரை மணி நேரம் பார்க்கலாம். பக்கத்துப் பாறையில் வரிசை வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்கள். அங்குள்ள கல்வெட்டுகளில் குரத்தியர் பெயர்கள் இருக்கின்றன. குரத்தி என்றால் பெண் குரு. கன்னியாகுமரிப் பக்கம் சிதறால் என்று இன்று அழைக்கப்படும் திருச்சாரணத்தைச் சேர்ந்த குரத்தியரும் அதில் உண்டு. சமணத் துறவிகள் வாகனம் ஏறாதவர்கள். அத்தனை தூரமும் நடந்தே வந்திருப்பார்கள். எங்கள் குழுவில் ஒருத்தி அந்தப் பாறையின் எதிரே உட்கார்ந்து, கொப்புளம் விழுந்த காலைத் தடவிக்கொண்டே, "அவங்கல்லாம் ஷூவும் போடலையே" என்றாள்.

நீங்களும் நடப்பதாக இருந்தால், மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரை சரியான காலம். பங்குனி பிறந்தால் வெயில் விடாது, ஆனால் பங்குனி உத்திரத்துக்குக் கழுகுமலை பார்க்க வேண்டிய இடம். மழை பெய்த மறுநாள் காட்டுக்குள் இறங்காதீர்கள். உள்ளூர் ஆள் இல்லாமல் போக வேண்டாம். வழி தெரிந்தாலும் யார் காடு என்பது உங்களுக்குத் தெரியாது. ஆறு பேருக்கு மேல் வேண்டாம், பாட்டியின் வேப்பமரத்து நிழல் அவ்வளவுதான். கழுகுமலையிலிருந்து கோவில்பட்டிக்கு 20 கி.மீ. சொச்சம், பஸ் இருக்கிறது. உளுந்துக்கு ஒரு காலிப் பை எடுத்துக்கொள்ளுங்கள்.