ஐந்தாவது விதி

அதியமான்கோட்டைப் பிள்ளைகளுக்கு நெல்லிக்கனி கதையைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவரும் அதே ஔவையார்தான் என்பதை மட்டும் நான் எடுத்துச் சொல்வேன். கனி வாங்கிய பெண்ணைவிட, அவையில் நின்று பேசிய பெண்தான் என் எட்டாம் வகுப்பு மாணவிகளுக்கு அதிகம் தேவைப்படுகிறாள்.

ஜூன் மாதம் வகுப்பு விதிகளை அவர்களையே எழுதச் சொன்னேன். முதலில் வந்தவை எல்லாம் எங்களிடம் கேட்டுப் பழகியவை: பேசக் கூடாது, ஓடக் கூடாது, கைகட்டி உட்கார வேண்டும். அவற்றை அழித்துவிட்டு, "இந்த வகுப்பில் உங்களுக்கு எது கஷ்டமாக இருக்கிறது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாக வந்தன. பெண்கள் மட்டும் பெருக்கக் கூடாது. வருகைப் பதிவேட்டு வரிசைப்படி எல்லாரும் பெருக்க வேண்டும். நிறத்தைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது. எந்தத் தெரு என்று கேட்கக் கூடாது. அபராதக் காசு கிடையாது.

ஐந்தாவது விதியை ஒரு மாணவி துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள்: பாத்ரூம் போகக் கேட்டால் டீச்சர் "எதுக்கு?" என்று கேட்கக் கூடாது. பையன்கள் சிரித்தார்கள். பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. மாதவிடாய் நாளில் மொத்த வகுப்பின் முன்னால் காரணம் சொல்லி நிற்பது என்னவென்று எங்களுக்குத் தெரியும்.

எல்லாரும் கையெழுத்திட்டதும், "நீங்களும் போடுங்க டீச்சர்" என்றார்கள். போட்டேன். "பிள்ளைங்க உங்களுக்கே சட்டம் போடுறாங்களா?" என்று ஓர் ஆசிரியர் கேட்டார். நீல் 1921-இல் தொடங்கிய, இங்கிலாந்தில் உள்ள சம்மர்ஹில் பள்ளியில் ஆசிரியருக்கும் குழந்தைக்கும் ஆளுக்கு ஒரே ஓட்டுதான். தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தைக்குத் தரும் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1992-இல் ஏற்றது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அடியையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. இவை எதையும் என் பிள்ளைகள் படித்ததில்லை. சுவரில் ஒட்டிய சார்ட்டைப் படித்திருக்கிறார்கள். அது அவர்கள் எழுதியது.

ஒரு பையன் தன் முறை வந்தபோது பெருக்க மறுத்தான். வீட்டில் துடைப்பத்தைத் தொட்டால் அப்பா திட்டுவாராம். வகுப்பு கூடிப் பேசியது. விதியை மாற்றவில்லை; முதல் நாள் ஒருவர் கூட நின்று உதவலாம் என்றது. இப்போது அவன் தனியாகவே பெருக்குகிறான்.

நாளை இந்தப் பெண்களில் ஒருத்தியைக் கேட்காமலே வீட்டில் கல்யாணத் தேதி குறிக்கப்படலாம். இந்த மாவட்டத்தில் அது வெறும் கற்பனை அல்ல. அன்று "என்னைக் கேட்டீங்களா?" என்ற கேள்வி அவள் நாவுக்குப் புதிதாக இருக்கக் கூடாது.