பெயர் தெரிந்த படகு

வாப்பாவுக்குப் படகுகளின் முகம் தெரியும். தீவுப்பகுதிக்குச் சைக்கிளில் சீலை கொண்டுபோய் விற்றவர் அவர். பள்ளிக்கூட விடுமுறையில் என்னையும் ஏற்றிக்கொள்வார். பண்ணைப் பாலம் கடந்து, மண்கும்பான் பள்ளிவாசலில் லுஹர் தொழுதுவிட்டுச் சாட்டிக் கரையில் இளைப்பாறுவோம். தூரத்தில் ஒரு பாய் தெரிந்தால் போதும், "இது இன்னாற்ற வள்ளம்" என்பார். பாயில் போட்ட ஒட்டு, அணியத்தின் சாய்வு, ஆள் நிற்கும் விதம், இவைதான் அவருக்கு அடையாளம். குறிகட்டுவான் துறையில் குமுதினியை எனக்குக் காட்டித்தந்தவரும் அவர்தான்.

1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினி நடுக்கடலில் மறிக்கப்பட்டது. கைக்குழந்தை உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டனர். வாப்பாவின் கடன் கொப்பியில் நெடுந்தீவுப் பெயர்கள் பல இருந்தன. அதன்பிறகு அந்தப் பக்கத்துக் கணக்கை அவர் யாரிடமும் கேட்கவில்லை.

1990 ஒக்டோபர் 30 அன்று நாங்கள் யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேற்றப்பட்டோம். புத்தளத்திலும் கடல் இருந்தது, படகுகள் இருந்தன. வாப்பா ஒன்றின் பெயரையும் விசாரித்ததில்லை. அங்கேயே மௌத்தானார்.

2011இல் சாட்டிக்குப் போனேன். ஒரு தொழிலாளி தன் போட்டில் குறிகட்டுவான்வரை கூட்டிப்போகச் சம்மதித்தார். எதிரே வந்தவை எல்லாம் எனக்கு ஒரேமாதிரித் தெரிந்தன. கண்ணாடியிழை உடல், பின்னால் யமஹா எஞ்சின். அவருக்கோ சத்தமே போதுமாக இருந்தது. "உது மருமோன்ர போட்" என்றார், திரும்பிப் பாராமலே.

புங்குடுதீவின் தென்கரையைச் சுற்றித் திரும்பியபோது தூரத்தில் ஒன்று மெதுவாக வந்துகொண்டிருந்தது.

"குமுதினி" என்றேன்.

"ஐயா தீவாரோ?"

"இல்லை. சோனகதெரு."

அவர் எஞ்சினைத் தணித்தார். "அங்கயிருந்து சைக்கிளில சீலைக்காரர் வாறவை. அம்மா ஒருத்தரிட்டத்தான் கடனுக்கு எடுக்கிறவா. கடைசிச் சீலைக் காசு குடுக்கேல்லயெண்டு சாகுமட்டும் சொல்லிக்கொண்டிருந்தவா."

அந்த ஆள் யாரென்று நான் கேட்கவில்லை. சீலைக்காரர் பலர் போய்வந்தார்கள். கொப்பியைப் பார்த்துச் சொல்லவும் வழியில்லை; வெளியேறிய அன்று அதை எடுத்துவர முடியவில்லை.

"அந்தக் காசு தீர்ந்துபோச்சு அண்ணை" என்றேன். வாப்பா இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார்.