சனிக்கிழமை ஆட்டமும் பகல் இரண்டு மணிச் சாப்பாடும்

2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்த கொட்டிவாக்கத்தில், பிள்ளைக்குப் பள்ளிக் கால்பந்தாட்டம் இருக்கும் சனிக்கிழமைகளில் வீட்டுச் சமையலின் நேரமே மாறிவிடுகிறது. வெயில் ஏறுமுன் ஆட்டத்தை முடிக்க வேண்டியிருப்பதால் விடியற்காலையில் அடுப்பு பற்றவைக்கப்படுகிறது. எண்ணெயில் பொரித்த பூரி வயிற்றில் நெடுநேரம் தங்குமென்பதால், புளித்த மாவை ஆவியில் வேகவைத்த இட்லியே அன்று தட்டுக்கு வருகிறது.

சிறுவர்கள் ஆடுவது பெரியவர்களின் ஐந்தாம் எண் பந்தால் அல்ல, பொதுவாக எட்டு முதல் பன்னிரண்டு வயதினருக்கான, சுற்றளவு சுமார் 64 செ.மீ. கொண்ட நான்காம் எண் பந்தால்தான் என்பதைக் கோட்டுக்கு வெளியே நின்று கத்தும் தந்தையர் பலர் கவனிப்பதில்லை. (பயிற்றுநரைவிட அவர்களுக்கே தொண்டை முதலில் கட்டுகிறது.)

குடும்பம் முழுதாக ஒன்றுகூடுவது, சோறும் மீன்குழம்புமாகப் பகல் இரண்டு மணிக்குத்தான். ஆப்சைடு விதி, அதாவது சகவீரர் பந்தை அனுப்பும் கணத்தில், எதிரணியின் பாதியில், பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆட்டக்காரரையும்விடக் கோல் கோட்டுக்கு அருகில் நிற்பவர் ஆட்டத்தில் தலையிடலாகாது என்னும் விதி, ஊறுகாய் பாட்டிலையும் டம்ளர்களையும் நகர்த்திப் பாட்டிக்கு விளக்கப்படுவது அப்போதுதான். அந்த நேரத்தில் தவறவிட்ட கோலுக்காகப் பிள்ளையை விசாரணை செய்வது தேவையற்றது. பெற்றோர் முதலில் சோற்றைப் பரிமாறட்டும், ஸ்கோரைப் பிள்ளையே சொல்லும்.