பஸ்ஸர் வயரைப் பிடுங்கியவன்

பஸ்ஸர் வயரைப் பிடுங்கியவன் நான். ஆபரேட்டர் அல்ல. வண்டிக்காரர்கள் மத்தியில் வேறொரு கதை உலவுகிறது. அதைக் கிளப்பிவிட்டதும் நான்தான்.

வண்டி ஒரு மினி பொக்லைன். பெரிய வண்டி இறங்க முடியாத வாய்க்கால், சந்து, வீட்டு அஸ்திவாரம் என்று காரைக்காலில் அதற்கு எப்போதும் வேலை உண்டு. கடன் போட்டு வாங்கி மணி வாடகைக்கு விட்டேன். மாதம் பிறந்தால் டியூ கட்ட வேண்டும். வண்டி சும்மா நின்றால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அந்தப் பயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பயம் மட்டும்தான் காரணம் என்றால் அது பொய். திமிரும் இருந்தது. எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்தே டிராக்டர். இன்ஜினைப் பற்றி எனக்கு எவன் சொல்லித் தருவது என்ற நினைப்பு. வண்டியோடு வந்த கையேடு சீட்டுக்கு அடியில் பாலிதீன் உறையோடு கிடந்தது. அந்த உறையை நான் கிழிக்கவே இல்லை.

திருமலைராயன்பட்டினத்தில் கடலோரமாகச் சில வாரம் வேலை ஓடியது. உப்புக்காற்று இரும்பையும் செம்பையும் விடாது. ஏதோ ஒரு சென்சார் கனெக்டரில் பச்சைக் களிம்பு பிடித்து, கோளாறே இல்லாதபோதும் பஸ்ஸர் கத்தத் தொடங்கியது. கனெக்டரைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து மாட்டினால் தீர்கிற விஷயம். நான் அதைத் தேடவில்லை. டேஷ்போர்டின் அடியில் கைவிட்டு பஸ்ஸரின் வயரையே உருவிவிட்டேன். சத்தம் நின்றது. ஆபரேட்டர் பக்கத்தில் நின்று பார்த்தார். "அப்புறம் மாட்டிடணும்ணே" என்றார். சரி என்றேன். மாட்டவில்லை.

அவர் சின்ன வயதுக்காரர். அதிகம் படித்தவரில்லை. ஆனால் டேஷ்போர்டைப் படிக்கத் தெரிந்தவர். காலையில் சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, விளக்குகள் எரிந்து காட்டுகின்றனவா என்று ஒரு நிமிடம் பார்ப்பார். அப்போது எரியாத பல்பு, ஆபத்திலும் எரியாது. இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் எண்ணெய்க் குப்பிப் படமும் பேட்டரிப் படமும் அணைய வேண்டும். அணைகிற வரை லிவரைத் தொடமாட்டார். மண் தோண்டும் வண்டிகளின் இந்தப் படங்களுக்கு ஐஎஸ்ஓ 6405 என்று உலகப் பொதுத் தரமே இருக்கிறது. எந்த மொழி பேசுகிறவரும், எழுத்தே தெரியாதவரும் புரிந்துகொள்ளத்தான் அவற்றைப் படமாக வைத்திருக்கிறார்கள். சிவப்பு என்றால் வண்டியை நிறுத்து. மஞ்சள் என்றால் சீக்கிரம் என்னவென்று பார். அவர் அப்படித்தான் நடந்துகொண்டார். அவருக்குச் சம்பளம் கொடுத்த நான்தான் அப்படி நடக்கவில்லை.

ஜூன் மாதம். மேட்டூரில் தண்ணீர் திறந்தாகிவிட்டது. திருநள்ளாறு பக்கம் ஒரு கிளை வாய்க்காலைத் தூர்வாரும் வேலை, ஒப்பந்தக்காரர் என் வண்டியை வாடகைக்கு எடுத்திருந்தார். தண்ணீர் கல்லணையைத் தாண்டிவிட்டது என்று செய்தி வந்த நேரம். நண்பகலில் போன் வந்தது.

"அண்ணே, பேட்டரி லைட்டு எரியுது. நிறுத்திப் பாக்கவா?"

நான் கடையில் நின்றுகொண்டிருந்தேன். யோசிக்கக்கூட இல்லை.

"பேட்டரிதானே? வண்டி ஓடுதுல்ல?"

"ஓடுதுண்ணே. ஆனா செவப்பா எரியுது."

"டீசல் இன்ஜினுக்குக் கரண்ட் எதுக்கு? ஓட்டு. சாயந்தரம் வந்து பாக்குறேன்."

அவர் கொஞ்சம் தயங்கினார். தயங்கியது எனக்குக் கேட்டது. மேற்கொண்டு அவரைப் பேசவிடாமல் போனை வைத்துவிட்டேன்.

நான் சொன்னதில் பாதி உண்மை. எங்கள் பழைய டிராக்டர் பேட்டரி செத்தாலும் ஓடும். ஓட ஆரம்பித்துவிட்டால் அந்த இன்ஜினுக்கு மின்சாரம் தேவையில்லை. ஆனால் அந்த விளக்கு பேட்டரியைப் பற்றி மட்டும் சொல்வதில்லை. ஆல்டர்னேட்டர் சார்ஜ் தரவில்லை என்று சொல்கிறது. ஏன் தரவில்லை? இதுபோன்ற சின்ன இன்ஜின்களில் ஆல்டர்னேட்டர், தண்ணீர் பம்பு, விசிறி மூன்றையும் பெரும்பாலும் ஒரே பெல்ட்தான் சுற்றுகிறது. அந்த பெல்ட் அறுந்திருந்தது. சார்ஜ் நின்ற அதே நொடியில் ரேடியேட்டருக்குக் காற்றும் நின்றது, இன்ஜினுக்குள் தண்ணீர் சுற்றுவதும் நின்றது. பேட்டரிப் படம்தான் முதலில் எரியும். சூடு ஏறிய பிறகுதான் தெர்மாமீட்டர் படம் எரியும். இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற நேரத்தில் வண்டியை நிறுத்தினால் புது பெல்ட்டோடு செலவு முடிந்தது. அந்த நேரத்தைத்தான் "ஓட்டு" என்ற ஒரு சொல்லால் நான் கெடுத்தேன்.

தெர்மாமீட்டர் படம் எரிந்திருக்கும். உச்சி வெயில் நேராக டேஷ்போர்டில் அடித்தால் சின்னச் சிவப்பு விளக்கு கண்ணுக்குத் தெரியாது. ஆபரேட்டரின் கண் பக்கெட்டின் மேல் இருக்கும், இருக்கவும் வேண்டும். அதற்காகத்தான் பஸ்ஸர். அதன் வயர் டேஷ்போர்டுக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

இன்ஜின் இழுவை குறைந்து, ஆவி கிளம்பிய பிறகுதான் அவர் நிறுத்தினார். மறுபடி போன் செய்தார். அப்போதும் எனக்கு அவசரம். "மூடியத் தொறந்து தண்ணி ஊத்து, சரியாயிடும்" என்றேன். ரேடியேட்டருக்குள் அழுத்தம் இருக்கும்வரை தண்ணீர் நூறு டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்தால் ஒரே வீச்சில் பீறிட்டு வெளியே அடிக்கும். சூடாக இருக்கும்போது திறக்காதே என்ற எச்சரிக்கைப் படம் பேனட்டின் உட்புறமே ஒட்டியிருக்கிறது. அவர் ஈரச் சாக்கைப் போட்டுத்தான் திறந்தார். முழங்கை முதல் மணிக்கட்டு வரை வெந்துபோனது. கழுத்திலும் பட்டது.

இரண்டு நாள் கழித்து மெக்கானிக் வந்தார். டிப்ஸ்டிக்கை உருவித் துணியில் துடைத்துக் காட்டினார். எண்ணெய் பாலூற்றிய டீ நிறத்தில் இருந்தது. கேஸ்கட் போய்த் தண்ணீர் எண்ணெயில் கலந்திருந்தது. ஹெட்டும் வளைந்துவிட்டது. அவர் நிமிர்ந்து, "பஸ்ஸர் அடிச்சிருக்குமே?" என்று கேட்டார். ஒப்பந்தக்காரர் நின்றார். ஊர்க்காரர்கள் நான்கைந்து பேர் நின்றார்கள். கையில் கட்டோடு ஆபரேட்டரும் நின்றார்.

"பையன் கவனிக்கல" என்றேன்.

இதைச் சொல்ல யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. வாயடைத்து நின்றிருந்தால்கூடப் போதும். நானாகச் சொன்னேன். ஆபரேட்டர் என்னைப் பார்த்தார். மறுத்துப் பேசவில்லை. வீட்டில் அம்மாவும் தங்கையும் அவர் சம்பளத்தை நம்பி இருந்தார்கள். என்னைப் பகைத்துக்கொள்ள அவரால் முடியாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். பாக்கிச் சம்பளத்தையும் ரிப்பேர் கணக்கில் கழித்தேன். பிறகு யார் விசாரித்தாலும் "இன்ஜினைத் தின்னுட்டான்" என்றே சொன்னேன். அதன்பின் யாரும் அவருக்கு வண்டி கொடுக்கவில்லை.

வாய்க்காலுக்கு நேர்ந்ததையும் மறைக்க மாட்டேன். காவிரி நடுவர் மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பு புதுச்சேரிக்கு ஒதுக்கியது 7 டி.எம்.சி. அது காரைக்காலுக்கான தண்ணீர். 2018-ல் உச்ச நீதிமன்றமும் அந்த அளவை மாற்றவில்லை. நாங்கள் கடைமடை. மேலே எல்லோரும் பாய்ச்சிய பிறகு வருவதுதான் எங்களுக்கு. அது வயலுக்கு ஏற வேண்டுமானால் வாய்க்கால் திறந்திருக்க வேண்டும். என் வண்டி பாதியில் நின்றதால் கடைசித் துண்டில் கோரையும் சேறும் அப்படியே கிடந்தன. வேறு வண்டி கிடைப்பதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. வந்தது அடைப்பில் முட்டிப் பக்கத்துத் தரிசில் பரவியது. அந்தத் துண்டுக்குக் கீழே இருந்தவர்கள் மண்வெட்டியோடு இறங்கி வெட்டினார்கள். சிலர் டீசல் இன்ஜினை வாடகைக்கு எடுத்து நாற்றங்காலுக்கு இறைத்தார்கள். அந்தச் செலவை யாரும் என்னிடம் கேட்கவில்லை. ஆபரேட்டரைத்தான் திட்டினார்கள்.

பிடித்த சம்பளத்தைப் பின்னால் அவரிடம் கொடுத்தேன். அப்போதும் உண்மையைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. "பழைய பாக்கி" என்று சொல்லிக் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். அவர் கையில் தழும்பு இருக்கிறது. இப்போது கட்டட வேலையில் சித்தாளாகச் சாந்து சுமக்கிறார்.

காரைக்காலிலும் நாகையிலும் மயிலாடுதுறையிலும் வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். நான் யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். விளக்கு எரிந்த உடனே அவர் போன் செய்தார். நிறுத்தட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றவன் நான். அவரைப் பற்றி நான் உங்களிடம் சொன்னதெல்லாம் பொய். அவரைக் கூப்பிட்டு வண்டியைக் கொடுங்கள்.