வாசலில் நின்ற கடிதங்கள்

நெய்து தீர்ந்த பாவை ஆரணி நெசவாளர் முழுவதும் கழற்றி எறிவதில்லை. அதன் இழை முனைகளை அச்சிலும் விழுதிலும் இருந்தபடியே விட்டு, புதிய பாவின் இழைகளை அவற்றோடு ஒவ்வொன்றாகப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள், பிணைப்பவரின் விரல்களுக்கு மட்டுமே அந்தக் கணக்குத் தெரியும். ஓரிழை தவறினாலும் துணி காட்டிக் கொடுத்துவிடும். மின்னஞ்சலை வாங்கி வைக்கும் கணிப்பொறியில் பழைய மென்பொருளை நீக்கிப் புதியதை ஏற்றுவதும் ஏறத்தாழ இத்தகைய பணியே. ஆனால் இங்கே விட்டுப்போன இழையைக் காட்டித் தரத் துணி கிடையாது.

2012ஆம் ஆண்டு, தீபாவளிக்கு ஏழெட்டு வாரங்கள் இருந்தன. ஆரணியில் பட்டு வணிகம் செய்யும் முதியவர் ஒருவர், எனக்கு நெடுநாள் பழக்கமானவர், என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள ஜவுளிக் கடைக்காரர்கள் மின்னஞ்சல் வழியாகவே அவருக்கு உத்தரவு கொடுப்பது வழக்கம். உத்தரவு வந்தால்தான் பாவும் சரிகையும் நெசவாளர் வீட்டுக்குப் போகும்; போனால்தான் அங்கே கூலி. அவருடைய கணிப்பொறியில் பல்லாண்டு உழைத்த சென்ட்மெயில் என்னும் மென்பொருளை அகற்றி, போஸ்ட்ஃபிக்ஸ் என்பதை அமைத்துக் கொடுத்திருந்தனர் வெளியூர் நிலையத்தார்.

"போகிறது பாய், வரத்தான் மாட்டேன் என்கிறது" என்றார்.

"எத்தனை நாளாக ஐயா?"

"இன்றோடு நான்கு நாள். அவர்களைக் கேட்டால், சோதித்துப் பார்த்தோம், நன்றாக வருகிறது என்கிறார்கள்."

அவர்கள் சொன்னது பொய்யன்று. அந்தக் கணிப்பொறிக்குள் இருந்துகொண்டே, பயனாளரின் பெயரை மட்டும் முகவரியாக எழுதி அனுப்பினால் கடிதம் வரத்தான் செய்தது. வீட்டுக்குள் நின்று கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, விருந்தாளிக்கு வழி திறந்திருக்கிறது என்று முடிவு செய்தது போன்ற சோதனை அது.

வாசகர்கள் இதைப் புரிந்துகொள்ள, அஞ்சற் கணிப்பொறிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் முறையைச் சற்றே சொல்ல வேண்டும். 1982இல் ஜான் போஸ்டல் என்னும் அமெரிக்க அறிஞர் வகுத்தளித்த நெறி அது. பின்னர் திருத்தங்கள் பெற்றாலும் அடிப்படை மாறவில்லை. அனுப்பும் கணிப்பொறி 25ஆம் எண் வாசலில் வந்து நின்று, யாரிடமிருந்து, யாருக்கு என்று அறிவிக்கும். பெறும் கணிப்பொறி மூன்றிலக்க எண்ணால் மறுமொழி தரும். முதலிலக்கம் 4 எனில், இப்போது இயலாது, பிறகு வா என்று பொருள். 5 எனில், இங்கே இடமில்லை, திரும்பிப் போ என்று பொருள். கதவே திறக்கவில்லையானால் அனுப்புவோர் அதையும் முதல் வகையாகவே கொண்டு, கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நான்கைந்து நாள் வரை திரும்பத் திரும்ப வந்து பார்ப்பர். இத்தனை பொறுமையை ஓர் இயந்திரத்துக்குக் கற்றுக் கொடுத்தவரை நான் பலமுறை மனத்துள் வாழ்த்தியதுண்டு.

கணிப்பொறியின் பதிவேட்டைப் புரட்டினோம். முதல் இரண்டு நாள் வெறுமை. போஸ்ட்ஃபிக்ஸ் உள்ளிருந்து வரும் குரலை மட்டும் கேட்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. பல லினக்ஸ் தொகுப்புகளில் அது தொடக்கத்தில் அப்படித்தான் இருக்கும். இதனால் கேடொன்றும் இல்லை. கடிதங்கள் வெளியே காத்திருந்தன. மூன்றாம் நாள் நிலையத்தார் அதைக் கண்டு கதவைத் திறந்துவிட்டனர். வினை அங்கேதான் தொடங்கிற்று. எந்தெந்த இணையப் பெயருக்கு வரும் கடிதங்கள் தன்னுடையவை என்ற பட்டியலைச் சென்ட்மெயில் தனிக்கோப்பில் வைத்திருந்தது. போஸ்ட்ஃபிக்ஸ் அக்கோப்பைப் படிப்பதில்லை. அது தானாக அறிந்தது கணிப்பொறியின் சொந்தப் பெயரை மட்டுமே. கடையின் பெயருக்கு வந்த கடிதங்களை அயலார் கடிதங்களென்று எண்ணி, 554 என்று சொல்லித் திருப்பியது. இரண்டு நாள் பொறுமையாகக் காத்திருந்தவையும் அவ்வாறே திரும்பின. மூடிய கதவு காத்துக் கொடுத்ததைப் பாதி திறந்த கதவு தொலைத்துவிட்டது.

எனவே பழுதைத் திருத்துமுன் வேறொன்று செய்தேன். போஸ்ட்ஃபிக்ஸில் ஓர் அமைப்பு உண்டு. அதை இயக்கினால் 5 என்று சொல்லவேண்டிய இடத்திலெல்லாம் 4 என்றே சொல்லும். மென்பொருளை மாற்றும் ஒவ்வொருவரும் முதல் வாரம் அதை இயக்கி வைக்கவேண்டும் என்பது என் துணிபு. இனி வருபவை காத்திருக்கும் என்ற உறுதி வந்த பிறகே பட்டியலில் கடையின் பெயரைச் சேர்த்தேன். வெளியூரிலுள்ள மற்றொரு கணிப்பொறியிலிருந்து 25ஆம் வாசலைத் தட்டி, கையாலேயே ஒவ்வொரு வரியாகத் தட்டெழுதிப் பேசிப் பார்த்தேன். 250 என்றது. ஏற்றுக்கொண்டது!

ஆயினும் முதியவரின் திரையில் கடிதம் தோன்றவில்லை.

நெறிப்படி 250 என்பது வெறும் தலையசைப்பன்று. அதைச் சொன்ன நொடியிலிருந்து கடிதம் பெற்றவரின் பொறுப்பு. உரியவரிடம் சேர்க்க வேண்டும், இயலாவிடில் அனுப்பியவருக்கு அறிவிக்க வேண்டும். நம் வழக்கில் சொன்னால் அமானிதம். ஆகவே அது எங்கோ இருந்தாக வேண்டும். தேடியபோது, போஸ்ட்ஃபிக்ஸ் எல்லாக் கடிதங்களையும் பழைய முறைப்படி ஒரே கோப்பில் அடுக்கி வைத்திருந்தது. கடிதங்களை எடுத்துக் காட்டும் மென்பொருளோ, கடிதத்துக்கு ஒரு கோப்பு வீதம் இருக்கும் வேறொரு பெட்டியைத் திறந்து, காலி என்று சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டையும் ஓரிடத்தில் சேர்த்ததும் அவை வந்து நின்றன.

திரும்பிப் போனவற்றை மீட்க வழியில்லை. எனினும் மறுக்கப்பட்ட கடிதம் ஒவ்வொன்றுக்கும் அனுப்பியவர் முகவரி பதிவேட்டில் இருக்கும். விளம்பரக் குப்பைகளை விலக்கிப் பார்த்ததில் 17 முகவரிகள் தேறின. அன்றிரவே அமர்ந்து எல்லாருக்கும் எழுதினோம். பினாங்கிலிருந்து ஒருவர் மறுநாளே விடையெழுதினார்: கடை மூடப்பட்டதோ என்று அஞ்சிக் காஞ்சிபுரத்தில் உத்தரவு கொடுத்துவிட்டாராம், பொங்கலுக்கு வேண்டியதை உம்மிடமே வாங்குகிறேன் என்றார். வேறு ஒன்பது பேர் தம் கடிதத்தை மீண்டும் அனுப்பினர்.

இன்று இத்தகைய வணிகர்கள் பலர் அஞ்சற் பொறுப்பைப் பெரிய நிறுவனங்களிடம் விட்டுவிட்டார்கள். நடுவண் அரசே தன் அலுவலர் 12 இலட்சம் பேருக்கு மேற்பட்டோரின் மின்னஞ்சலை ஜோஹோ நிறுவனத்தின் அமைப்புக்கு மாற்றியதாக 2025இல் செய்தி வந்தது. அத்தனை இழைகளையும் யார் அமர்ந்து பிணைத்தார்களோ என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.

முதியவர் அந்த 17 முகவரிகளையும் தாளில் எழுதித் தரச்சொல்லி வாங்கி, தறிக்கணக்கு நோட்டுக்குள் வைத்துக்கொண்டார். அந்த வாரம் எட்டு வீடுகளுக்குப் பாவு போயிற்று.