அயலாருக்கு உடலில் ஓர் இடம்

திண்டிவனத்தில் வாழும் என் தமக்கைக்குச் சிறுநீரகம் ஈந்தவர் எங்கள் அன்னை. ஈன்றவளின் உறுப்பையே மகளின் உடல் அயலென்று எண்ணுகிறது. அவ்வெதிர்ப்பை அடக்கக் காலையும் மாலையும் மாத்திரை வேண்டும். அம்மாத்திரை நோய்க்கிருமிகளுக்கும் கதவைத் திறந்துவிடுவதால், அவர் திருவிழாக் கூட்டத்திற்கும் அஞ்சுகிறார்.

உடலைக் குறைகூறலாகாது. உயிரணுக்களின் மேற்புறத்திலுள்ள அடையாளப் புரதங்களைக் கண்டே வெள்ளணுக்கள் தம்மவரையும் அயலாரையும் பிரித்தறிகின்றன. அவ்வறிவு இல்லையேல் சிறு தொற்றும் நம்மை மாய்த்துவிடும்.

இதுநாள்வரை மருத்துவம் காவலரை உறங்கவைத்தது. இப்போதோ வருபவரின் அடையாளத்தை மாற்ற முயல்கிறது. சுவீடனின் உப்சாலாவில், இறந்த ஒருவரின் கணையத்திலிருந்து இன்சுலின் சுரக்கும் அணுக்களை எடுத்து, இரு மரபணுக்களைச் செயலிழக்கச் செய்து அடையாளத்தை நீக்கினர். ‘என்னை அழிக்காதே’ என்றுணர்த்தும் புரதத்தை மிகுவித்தனர். நீரிழிவு நோயாளி ஒருவரின் முன்கைத் தசையில் அவற்றைச் செலுத்தினர். எதிர்ப்பை அடக்கும் மருந்தின்றியே 12 வாரங்களுக்குப் பின்னும் அவை இன்சுலின் சுரந்தன என்று 2025-இல் அறிவித்தனர். செலுத்திய அளவு சிறிதாகையால் அவருக்கு இன்சுலின் ஊசி இன்னும் தேவைப்பட்டது.

விழுப்புரத்தில் இரயிலேறி வேலூர் செல்வோர் நம்மில் பலர். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், குருதி உறையாமை நோயுற்ற ஐவருக்கு அவரவர் குருத்தணுக்களிலேயே மரபணுவைச் சேர்த்துத் திரும்பச் செலுத்திய செய்தி 2024-இல் வெளியாயிற்று. தன் அணுவாதலால் அயலென்னும் சிக்கலில்லை. ஆயினும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஆக்கவேண்டும். கொடையாளர் ஒருவரின் குருத்தணுக்களை அடையாளம் நீக்கிப் பெருக்க முடியுமாயின், ஒருவர் ஈந்தது பலருக்கு ஆகுமன்றோ?

எனினும், ஆட்டுத்தோல் போர்த்தி ஆசி பெற்ற யாக்கோபு நினைவுக்கு வருகிறார். ஈசாக்கின் கண்கள் மங்கியிருந்தன. அடையாளமற்ற அணு நாளை புற்றாக மாறினால், காவலருக்கு அதுவும் புலப்படாமற் போகலாம்.

விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2008-இல் வெளியிட்ட அறிவுரை, வளர்ந்தவரின் திசுவிலிருந்தும் தொப்புள்கொடிக் குருதியிலிருந்தும் குருத்தணு பெறுவதை ஏற்றது; மனிதக் கருவை அழித்துப் பெறுவதை மறுத்தது.

ஆகவே, இம்மருத்துவம் நம் ஊர்களை வந்தடையும் நாளில் நாம் கேட்கவேண்டியவை இரண்டு: இவ்வணு எவரிடமிருந்து, எவ்வாறு வந்தது? உடலின் காவலர் காணாததைப் பின்னாளில் கண்காணிப்பவர் யார்? விடை தெளிவாயின், இறைவனின் கொடையென நன்றியோடு பெற்றுக்கொள்வோம்.