எண்பத்து நான்கு மாதம்

ரொறன்ரோவில் கார் விற்பவர்கள் இப்போதெல்லாம் கிழமைக் கணக்கில்தான் விலை சொல்கிறார்கள். என் அக்காவின் மகன் ஒரு மஸ்டாங் ஜிடியைப் பார்த்துவிட்டு வந்து முதலில் சொன்னதும் அதுதான்: "கிழமைக்கு 244 டொலர்தான் மாமா." எத்தனை வருடத்துக்கு என்று நான் கேட்ட பிறகுதான் 84 மாதம் என்ற சொல் வெளியே வந்தது. அவனுக்கு வயது 23. நிரந்தர வேலை கிடைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

சாப்பாட்டு மேசையில் இருந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம். காரின் விலை 60,000 டொலர். ஒன்ராறியோவில் அதற்கு 13 வீத வரி, அதாவது 7,800. முற்பணம் இல்லாமல் 67,800 டொலரையும் 8 வீத வட்டிக்கு எடுத்தால் மாதம் ஏறக்குறைய 1,057 டொலர் கட்டவேண்டும். ஏழு வருட முடிவில் வட்டி மட்டும் கிட்டத்தட்ட 21,000 டொலர். அவனை யோசிக்க வைத்தது வேறொரு எண். இரண்டு வருடம் ஒரு தவணையும் தவறாமல் 25,000 டொலருக்கு மேல் கட்டிய பிறகும் 52,000 டொலர் கடன் நிற்கும். அந்த நேரம் காரை விற்கவேண்டி வந்து, அது 40,000 டொலருக்குத்தான் போனால், மிச்சம் 12,000 டொலரைக் கையிலிருந்து போட்டுத்தான் அதைக் கொடுக்கமுடியும். கையில் இல்லாதவர்கள் அந்தப் பள்ளத்தை அடுத்த காரின் கடனோடு சேர்த்துக் கட்டுகிறார்கள். அப்படிக் கட்டுகிற பெடியன்களை எனக்குத் தெரியும்.

இன்சூரன்ஸ் இந்தக் கணக்குக்கு வெளியே இருக்கிறது. இளம் வயது, வேகமான கார், ஸ்காபரோ முகவரி மூன்றும் சேர்ந்தால் கட்டணம் ஏறத்தான் செய்யும். மஸ்டாங் பின்சில்லு இழுவைக் கார். வின்ரர் ரயர் தனியாக வாங்காமல் பனிக்காலத்தில் ஓடவே கூடாது. நெடுஞ்சாலையில் வேக எல்லையை 50 கிலோமீற்றர் தாண்டிப் பிடிபட்டால் அந்த இடத்திலேயே 30 நாளுக்கு லைசென்ஸ் போகும், காரையும் 14 நாளுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். தவணை மட்டும் நிற்காது.

அவனுடைய ஆசையை நான் குறைத்துப் பேசமாட்டேன். அவன் சின்னவனாக இருந்தபோது அத்தான் இரவில் தொழிற்சாலையிலும் காலையில் பேப்பர் போடும் வேலையிலுமாக இருந்தார். ஹீற்றர் ஒழுங்காக வேலை செய்யாத பழைய கொரொலா ஒன்று. மாசியில் அதன் கண்ணாடியை உள்ளுக்கிருந்து துணியால் துடைத்துத் துடைத்துத்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவார். பின்சீற்றில் ஜக்கெற்றைக் கழற்றாமல் இருந்த பிள்ளை, வளர்ந்ததும் நல்ல கார் ஒன்றை விரும்புவதில் என்ன பிழை? உழைக்கிறான். விரும்பட்டும்.

எனக்குப் பொறுக்கமுடியாமல் போனது அக்காவின் கையெழுத்து. அவனுடைய கடன் வரலாறு போதாதென்று, தாயைக் கோசைன் பண்ணச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். அவனுக்கு வேலை போனால் முழுக் கடனும் அவள் தலையில் வந்து விழும். தவணை பிந்தினால் அவளுடைய கிரெடிட்டும் கெடும். மோட்கேஜ் புதுப்பிக்கும்போது வேறு வங்கிக்கு மாறலாம் என்று போனால், அங்கே இந்தக் காரும் அவளுடைய கடனாகவே எண்ணப்படும். அந்த வீட்டின் முற்பணம், மாதாமாதம் கட்டி எடுத்த சீட்டுக் காசு. அதற்காக அவள் எத்தனை குளிர்காலம் பழைய சப்பாத்தோடு பஸ்ஸுக்கு நின்றாள் என்று கூட இருந்த எனக்குத் தெரியும். எங்கள் தாய்மார் பிள்ளை கேட்டால் இல்லையென்று சொல்லமாட்டார்கள். அதனாலேயே பிள்ளைகள் சில விசயங்களை அவர்களிடம் கேட்கக்கூடாது.

மருமகனுக்கு நான் சொன்னது இதுதான். அதே காரை 48 மாதத்தில் கட்டிமுடிக்க மாதம் 1,655 டொலர் வேண்டும். அதையும் இன்சூரன்ஸையும் தன் சம்பளத்திலிருந்து, யாருடைய கையெழுத்தும் இல்லாமல் கட்ட முடிந்தால் தாராளமாக வாங்கட்டும். நானே கூடப்போய் எடுத்துத் தருவேன். முடியாவிட்டால் அந்தக் கார் இப்போதைக்கு அவனுடைய சம்பளத்துக்கு மேலே நிற்கிறது. மூன்று வருடம் ஒரு பழைய சிவிக்கை ஓட்டிக்கொண்டு மாதம் 600 டொலரை ஒதுக்கினால் 21,600 டொலர் முற்பணம் கையில் இருக்கும். அப்போது அவனுக்கு 26 வயது. மஸ்டாங் ஓட்ட அது பிந்திய வயதல்ல.

கோசைன் பண்ணக் கேட்கப்படும் பெற்றோருக்கு ஒன்று. ஒன்ராறியோவில் டீலரிடம் கையெழுத்து வைத்துவிட்டு, அடுத்த நாள் மனம் மாறியது என்று காரைத் திருப்பிக் கொடுக்கச் சட்டம் அவகாசம் தரவில்லை. ஆகவே பேனையை அங்கே எடுக்காதீர்கள். தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து, மொத்தம் எவ்வளவு, எத்தனை மாதம் என்ற இரண்டையும் பிள்ளையோடு இருந்து பாருங்கள்.